எந்திர வல்லுநர் டீசல்

பாரம் ஏற்றிய லாரி ஒன்று மலைப்பாதையில் மெல்ல ஏறிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை ஓட்டுபவர் வழியை மட்டும் நோக்குவதில்லை. தமக்கு எதிரே பதித்துள்ள வட்ட வடிவான சிறு கருவிகளையும் இடையிடையே நோக்குகின்றார். மசகெண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது ஒன்று. எந்திரத்தின் வெப்பத்தைக் காட்டுவது மற்றொன்று. சில வண்டிகளில் எரிபொருளின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியும் உண்டு. அதன் முள் தாழுமாயின், எந்திரத்திற்கு ஊண் குறைகின்றது என்பது பொருள். மருத்துவருக்கு நாடி எவ்வாறோ, டீசல் எந்திரம் பழகினார்க்கு அழுத்தம் அவ்வாறு. அழுத்தத்தாலேயே தீப்பற்றி இயங்கும் அவ்வெந்திரத்தை உலகிற்கு அளித்தவர் ருடால்ஃப் டீசல் என்பார். எந்திரத்தையும் அது குடிக்கும் எண்ணெயையும் நாம் அவர் பெயராலேயே வழங்குகின்றோம். ஆயினும் அஃது ஒரு மனிதரின் பெயர் என அறிந்து வழங்குவோர் சிலரே.

டீசலின் தந்தையார் தியோடார், ஜெர்மனி நாட்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தவர். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். தாயார் எலீஸ், நியூரன்பர்க் நகரத்து வணிகர் ஒருவரின் மகள். பிழைப்பு நாடிப் பாரிஸ் மாநகரிற் குடியேறியிருந்த இவர்கட்கு 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் ருடால்ஃப் பிறந்தார். தந்தையார் தோற்பொருள்கள் செய்து விற்று வந்தார். அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாங்குவோர் இல்லங்களிற் சேர்ப்பது மகனின் வேலை. வேலை ஒழிந்த பொழுதுகளில் அச்சிறுவர் அந்நகரின் தொழிற்கலைக் காட்சிச்சாலைக்குச் செல்வார். பீரங்கி இழுப்பதற்கென 1770ஆம் ஆண்டளவில் கூனோ என்பார் செய்த நீராவி வண்டி அங்கு வைக்கப்பட்டிருந்தது. பார வண்டிகளுக்கெல்லாம் அதனை ஒரு மூதாதை எனலாம்.

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸிலிருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. டீசலின் குடும்பம் இலண்டன் சேர்ந்தது. ஆண்டும் வறுமை நீங்கவில்லை. பன்னிரண்டே வயதான ருடால்ஃபைப் பெற்றோர் தனியே ஆக்ஸ்பர்க் நகருக்கு அனுப்பினர். அங்கே உறவினர் ஒருவர் தொழிற்பள்ளியிற் கணிதம் கற்பித்து வந்தார். அவர் இல்லத்தில் தங்கிப் பயின்ற ருடால்ஃப், வகுப்பில் முதல்வராகத் தேறினார். பதினான்காம் வயதில், தாம் எந்திர வல்லுநராக விரும்புவதைப் பெற்றோர்க்குக் கடிதத்தில் தெரிவித்தார். மகன் விரைவில் பொருளீட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவரோ 1875ஆம் ஆண்டில் உதவிச்சம்பளம் பெற்று மியூனிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. செயற்கை முறையிற் குளிர் உண்டாக்கும் எந்திரங்களை அமைத்துப் புகழ்பெற்றவர் இவர். நீராவி எந்திரத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கே வேலையாக மாறுகின்றது என்றும், எஞ்சியதெல்லாம் வீணே கழிகின்றது என்றும் அவர் ஒருநாள் வகுப்பில் விளக்கினார். ஏனைய மாணவர் அதனைத் தேர்வுக்குரிய செய்தியாக எழுதிக்கொண்டிருக்கலாம். டீசலுக்கு அது முள்ளாய்த் தைத்தது. தொண்ணூறு பங்கு வீணாகும் ஒன்றை நாகரிகத்தின் பெருமை என மக்கள் எவ்வாறு கொண்டாடுகின்றனர் என அவர் வியந்தார் போலும்! இதனினும் சிறந்த எந்திரம் ஒன்றை ஆக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

1879ஆம் ஆண்டில் குடற்காய்ச்சல் கண்டமையால் அவர் உரிய காலத்தில் தேர்வு எழுத இயலவில்லை. ஸ்விட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையிற் சிலகாலம் கைத்தொழில் பழகி, 1880ஆம் ஆண்டு தொடக்கத்தில் மிக உயர்ந்த தகுதியுடன் தேறினார். பின்னர்ப் பத்தாண்டுகள் பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் அமர்ந்து உழைத்தார். 1883ஆம் ஆண்டில் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். 1890ஆம் ஆண்டில் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். பகலெல்லாம் குளிரைப் பற்றிய வேலை. ஓய்வெல்லாம் வெப்பத்தைப் பற்றிய சிந்தனை.

அவர் கண்ட வழி யாது? மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது, குழாயின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றைச் சிறிய இடத்துள் விரைந்து நெருக்கினால் அது வெப்பமடையும். ஓர் உருளையினுள் காற்றை மட்டும் புகுத்தி, உந்துதண்டினால் அதனை மிகவும் நெருக்கி, அது கனல்போற் சூடேறிய நொடியில் எரிபொருளைச் சிறிது சிறிதாக உள்ளே தூவினால், தீக்கொளுவும் கருவி யாதும் இன்றியே எரிபொருள் பற்றிக்கொள்ளும் அன்றோ? அவ்வெரிவினால் விரியும் வளி உந்துதண்டைத் தள்ளும். காற்று எத்துணை நெருக்கப்படுகின்றதோ அத்துணை மிகுதியாக வெப்பம் வேலையாக மாறும். இதுவே டீசலின் கருத்து. 1892ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இதற்குக் காப்புரிமை வேண்டினார். அடுத்த ஆண்டில் அதனைப் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

நூலில் அவர் கணித்திருந்த அழுத்தம் 250 வளிமண்டல அளவு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 250 மடங்கு என்பது இதன் பொருள். அக்காலத்து இரும்பு வேலையில் அது கனவிலும் கைகூடாதது. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூட்ஸ் முதலில் உடன்படாமைக்கு இதுவும் ஒரு காரணம். டீசல் தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்து, அழுத்தத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். தாம் பெற்ற கருத்தின் ஒரு பகுதியைத் தாமே வெட்டியெறிவது அறிஞர்க்கு எளிதன்று. ஆனால் அவர் வெட்டியெறிந்தார். பூட்ஸ் உடன்பட்டார், குருப் என்னும் பெருநிறுவனமும் பொருளுதவி செய்ய முன்வந்தது.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் முதல் எந்திரம் ஆய்வுக்கு ஆயத்தமாயிற்று. அது தானே ஓடும் நிலையில் இல்லை; தொழிற்சாலையின் பொதுத் தண்டிலிருந்து வார்ப்பட்டையினால் அதனைச் சுழற்றினர். உருளையின் உள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காண இயலாதாகலின், அதன் தலைப்பில் இண்டிகேட்டர் என்னும் கருவியைத் திருகிப் பொருத்தியிருந்தனர். அக்கருவியில் சிறிய உந்துதண்டும் வில்சுருளும் உண்டு. உருளையினுள் அழுத்தம் ஏற ஏற, வில் நெருங்கும். அதனோடு இணைந்த எழுதுகோல் தாளில் ஒரு வளைகோடு வரையும். அக்கோட்டை நோக்கி உள்ளே உள்ள அழுத்தத்தை அறியலாம். ஆய்வின்போது எரிபொருளாகப் பெட்ரோல் புகுத்தப்பட்டது. கணப்பொழுதில் அது தீப்பற்றியது. அழுத்தம் 80 வளிமண்டல அளவுக்குத் தாவியது. அளவு காட்ட வைத்த கருவியே வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் அருகில் நின்றார் தலைக்கு அண்மையிற் பறந்தன. டீசல் உயிர் தப்பியது அரிதாயிற்று.

பிறர் இதனைத் தோல்வி எனக் கொள்வர். டீசலோ, நெருக்கிய காற்றின் வெப்பத்தினாலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது மெய்யாயிற்று என மகிழ்ந்தார்.

நிற்க. கருவி வெடித்தது எதனால்? அது தாங்கும் அளவினும் மிக்க அழுத்தம் அதன்மேல் வந்து மோதியமையால். இன்று லாரியில் அழுத்தமானி பொருத்துவோரும் இதனை முதலில் எண்ணுகின்றனர். இப்பாடம் எழுதும் பொருட்டு, எம் ஊர்ப் பட்டறை ஒன்றில் அவ்வேலை நிகழ்வதை அருகிருந்து கண்டேன். தமிழ் கற்பித்தவனுக்கு ஆண்டு என்ன வேலை என வந்தோர் சிலர் நகைத்தனர், மெக்கானிக் நகைக்கவில்லை. அவ்வண்டியின் ஊட்டுபம்பு தரும் அழுத்தம் ஏறத்தாழ 2 வளிமண்டலம். அதற்கு 4 வரை காட்டும் மானியை அவர் தேர்ந்தெடுத்தார். முள் நடுவில் நின்றால் ஏறுதலும் இறங்குதலும் தெளிவாகத் தெரியும். 20 வரை காட்டும் மானியாயின், அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் முள் சிறிதே அசையும். 2 வரை மட்டும் காட்டுவதாயின், அழுத்தம் மிகுந்தால் கெட்டுவிடக்கூடும்.

அதனைப் பொருத்தும் இடமும் அவர் ஆராய்ந்தே கொண்டார். தொட்டியிலிருந்து வரும் எரிபொருள், ஊட்டுபம்பு, வடிகட்டி ஆகியவற்றைக் கடந்து உட்செலுத்தும் பம்பை அடைகின்றது. வடிகட்டிக்கும் உட்செலுத்தும் பம்புக்கும் இடையே மானியை இணைத்தால்தான், வடிகட்டி அடைபட்டதையும் ஊட்டுபம்பு தளர்ந்ததையும் அது காட்டும். உட்செலுத்தும் பம்பிற்கு அப்பால் அழுத்தம் பன்னூறு மடங்காகலின் ஆங்கு இத்தகைய மானியை இணைத்தல் கூடாது. ஓட்டுநர் அறைக்குள் எரிபொருளைக் குழாய் வழியே கொண்டு வருதலும் தீது. குழாய் விரிந்தால் அறையெல்லாம் எண்ணெய் பரவும். ஆதலின் உணர்கருவியை எந்திரத்தின் அருகே வைத்து, மின்கம்பி வழியே அறையிலுள்ள முள்ளுக்கு இணைத்தார். எந்திரத்தின் அதிர்வு தாக்காதவாறு உணர்கருவியை வளையும் குழாயில் அமைத்தார். பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் முள் நடுங்காதிருக்க, ஊசித்துளை உள்ள ஓர் அடைப்பை இடையில் வைத்தார். திருகுமரையில் இட்ட பூச்சு உள்ளே சென்று பம்பைக் கெடுக்காதவாறு நுனியில் ஓர் இழை விட்டுப் பூசினார். இறுதியாகக் குழாயினுள் சிக்கிய காற்றை வெளியேற்றி, எந்திரத்தை ஓடவிட்டு, முள் காட்டிய அளவை ஏட்டிற் குறித்துக்கொண்டார். வடிகட்டி புதியதாக இருக்கும்போது காட்டும் அளவு தெரிந்தால் அன்றோ, பின்னர் அது குறைந்ததை அறிய இயலும்! வளைந்த தட்டைக் குழல் அழுத்தத்தால் நிமிர்வதைக் கொண்டு முள்ளை அசைக்கும் மானியை, பூர்தோன் என்பார் டீசல் பிறந்த அதே பாரிஸ் மாநகரில் 1849ஆம் ஆண்டில் அமைத்தார். மின்கம்பி இல்லாத மானிகள் பல இன்றும் அம்முறையினவே.

மீண்டும் ஆக்ஸ்பர்க் நகருக்கு வருவோம். கசிவுகளை அடைத்தும், உறுப்புகளை மாற்றியும் டீசல் ஆய்வைத் தொடர்ந்தார். 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், வழக்கம்போல் எந்திரத்தை வார்ப்பட்டை சுழற்றிக்கொண்டிருந்தது. திடுமெனப் பட்டையின் இழுவை மாறியது. இதுகாறும் தொழிற்சாலை எந்திரத்தை இழுத்தது. இப்பொழுது எந்திரம் தொழிற்சாலையை இழுத்தது! இதனை முதலில் உணர்ந்தவர் அருகில் நின்ற தொழிலாளி ஒருவரே. அவர் ஒன்றும் பேசாமல், தலையிலிருந்த தொப்பியை எடுத்து வணங்கினார். நிமிடத்திற்கு 88 சுற்றாக அவ்வெந்திரம் ஓடியது ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்திற்கு அவர் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் கழிந்தன. மூன்றாம் எந்திரத்தை 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி ஆய்ந்தார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 18 குதிரைத்திறன். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. முதற்கணிப்பில் டீசல் எதிர்பார்த்தது இதனினும் மிகுதி. எனினும் அக்காலத்தில் இருந்த எந்த எந்திரமும் இதற்கு இணையாகவில்லை.

புகழும் பொருளும் ஒருங்கே வந்தன. பல நாட்டார் உரிமை வேண்டி வந்தனர். அமெரிக்க நாட்டுச் செல்வர் அடால்பஸ் புஷ், உரிமைக்கெனப் பத்து இலட்சம் மார்க்கு கொடுத்தார். 1900ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் எந்திரம் முதற்பரிசு பெற்றது. தள்ளுவண்டி தள்ளிய சிறுவர், அதே நகரில் இவ்வாறு சிறப்பெய்தினார். அக்காட்சியில் வைத்த எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓடியது. அதனை உணர்ந்து கண்டவர் சிலரே. 1912ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினரின் செலாந்தியா என்னும் பெருங்கப்பல் டீசல் எந்திரங்களால் மாகடல் கடந்தது.

ஆயின் எந்திரத்தின் நெருக்கத்தை அளந்து அறிந்தவர், தம்மேல் ஏறிய நெருக்கத்தை அளவாமல் விட்டார். விற்ற எந்திரங்கள் சில தொடக்கத்திற் செம்மையாக ஓடவில்லை. பழி அவர் தலையில் விழுந்தது. காப்புரிமை பற்றிய வழக்குகள் ஓயவில்லை. 1898ஆம் ஆண்டில் உடலும் உள்ளமும் தளர்ந்து மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது. மியூனிக் நகரில் மாளிகை ஒன்று எழுப்பினார். நிலம் வாங்கி விற்பதிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பெரும்பொருளை இட்டு இழந்தார். எந்திரக் கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் உறங்காத அவர், வரவு செலவுக் கணக்கில் ஏமாந்தது நமக்கு வருத்தம் தருகின்றது. சிறு எந்திரம் ஒன்று செய்து அதனைப் பார வண்டிகளிற் பொருத்த 1908ஆம் ஆண்டளவில் அவர் முயன்றார். அம்முயற்சியும் பயன் தரவில்லை.

1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் மாலை, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்னும் கப்பலில் நண்பர் இருவருடன் ஏறினார். அவர்களுடன் உணவு உண்டார். இரவு பத்து மணியளவில் தம் அறைக்குச் சென்றார். காலை ஆறேகால் மணிக்குத் தம்மை எழுப்புமாறு பணியாளரிடம் சொல்லியிருந்தார். விடிந்தபோது அறையில் அவர் இல்லை. படுக்கையில் எவரும் உறங்கிய குறி இல்லை. கப்பலின் பின்தளத்தில், கைப்பிடிக் கம்பியின் அருகே, அவர் தொப்பியும் மடித்த மேலாடையும் கிடந்தன. பத்து நாட்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்றினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, அதிலிருந்த சிறு பொருள்களை மட்டும் எடுத்து வந்தனர். மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேனாக்கத்தியையும் கண்ட மகன் ஆய்கென், அவை தம் தந்தையாருடையன என்றார். பயணத்திற்கு முன் மனைவியாரிடம் டீசல் கொடுத்துச் சென்ற பையில் 20,000 மார்க்கு பணமும், வங்கிக் கணக்குகள் வறிதாயின எனக் காட்டும் தாள்களும் இருந்தன. அவர் இறந்தது எவ்வாறு என்பது இன்றளவும் துணியப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

டீசலின் எந்திரம் அவர் வாழ்நாளில் வண்டியில் ஏறாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எரிபொருளை உருளைக்குள் தூவுவதற்கு அவர் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார். அக்காற்றை ஆக்கும் பொறி மிகப் பெரிது, மிகக் கனம். தொழிற்சாலையிலும் கப்பலிலும் அதற்கு இடம் உண்டு, வண்டியில் ஏது? காற்றின் துணையின்றி எரிபொருளையே ஒரு பம்பினால் நெருக்கி நுண்துளை வழியே பீச்சும் முறையைப் பின்வந்தோர் செம்மைப்படுத்தினர். அப்பம்பு ஒவ்வொரு நொடியும் எரிபொருளால் நிரம்பியிருத்தல் வேண்டும். ஒரு குமிழி காற்றுப் புகுந்தாலும் எந்திரம் திணறும். ஆகவேதான் அதற்கு ஊட்டும் அழுத்தத்தை அறிய ஒரு மானி வேண்டுவதாயிற்று. பாஷ் நிறுவனத்தார் 1927ஆம் ஆண்டில் அத்தகைய பம்புகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கினர். அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டில் பென்ஸ் நிறுவனத்தார் டீசல் எந்திரம் பொருத்திய லாரியை அமைத்தனர். மறு ஆண்டில், டீசல் தம் முதல் எந்திரத்தை ஓட்டிய ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனத்தாரும் ஒரு லாரியைச் செய்து ஓட்டிப் பார்த்தனர். டீசலின் தந்தையாரது ஊரிற் புறப்பட்ட அவ்வண்டி, 140 கிலோமீட்டர் கடந்து, ஐந்தரை மணி நேரத்தில் அவர் தாயாரது ஊரான நியூரன்பர்க் சென்று சேர்ந்தது.